விரலுக்குப் பின்னால் நிற்கும் தண்ணீர்

லவன் கையை உயர்த்தவில்லை. பின்வரிசையில் சாய்ந்திருந்தபடியே கேட்டான்.

"மிஸ், அப்ப நான் விரலை இன்னும் இறுக்கினா தண்ணி தாமரைக் கோபுரத்துக்கு மேலால போகவேணுமே?"

கொழும்பிலேயே மிக உயரமான கட்டடம் அது. வகுப்பு சிரித்தது. கரும்பலகையின் முன்னால் நின்ற நிலூஷாவும் சேர்ந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கிய பிறகுதான், தன்னிடம் பதில் இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

பலகையில் அவள் எழுதியிருந்தது பாய்மப் பொறியியலின் முதற் பாடம். குழாய்க்குள் ஒரு பக்கம் நுழையும் தண்ணீர் அத்தனையும் மறுபக்கம் வெளியேற வேண்டும். நடுவில் அது காணாமற் போகாது. ஆகவே குழாய் ஒடுங்கும் இடத்தில் தண்ணீர் வேகமாக ஓடியாக வேண்டும். இதற்கு எல்லாரும் சொல்லும் உதாரணத்தைத்தான் அவளும் சொன்னாள். வீட்டில் பூக்கண்டுக்குத் தண்ணீர் விடும்போது ஹோஸின் வாயை விரலால் பாதி மூடுகிறோம். பரப்புப் பாதி, வேகம் இரட்டிப்பு. அவளுக்குச் சொல்லித் தந்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். புத்தகங்களிலும் அதே விரல், அதே ஹோஸ்.

"பாதிக்கு ரெண்டு மடங்கு எண்டா, நூறில ஒண்டுக்கு நூறு மடங்கு," என்றான் லவன். "நான் சின்னனில இருந்து எங்கட பல்கனியில விரல் வைக்கிறன். முன் பிளாட் ஜன்னலைத் தாண்டினதில்லை."

"விரல் வச்சதுக்கு முன் பிளாட் அன்ரி உனக்கு ஏசினதச் சொல்லு," என்றாள் ஷஸ்னா. பிறகு நிலூஷாவைப் பார்த்து, "மிஸ், இது சோதனைக்கு வருமா?" என்று கேட்டாள்.

காற்றுத் தடை என்று சொல்லித் தப்பியிருக்கலாம். உராய்வு என்று ஒரு வார்த்தையை எறிந்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருக்கலாம். வாய் வேறு விதமாகத் திறந்தது.

"எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை சொல்றேன்."

அது வெள்ளிக்கிழமை. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், நான்கு மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது அந்தத் தனியார் பொறியியல் நிலையம். அங்கே சொல்லும் எந்த வார்த்தையும் படியிறங்கிப் போவதற்குள் பணிப்பாளரின் காதுக்குப் போய்விடும். பணிப்பாளர் கனகசபாபதி பம்புகளுக்கும் குழாய்களுக்கும் நடுவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மாலை அவளைக் கூப்பிட்டு இருக்கச் சொன்னார்.

"பிள்ளை, தெரியாது எண்ட சொல்லை வகுப்பில சொல்லக் கூடாது. இந்தப் பிள்ளையளை இங்க அனுப்பிறதே தெரிஞ்ச ஆக்களிட்டப் படிக்கத்தான்."

"உண்மையா எனக்குத் தெரியாது சேர்."

"தெரியாட்டி சமன்பாட்டை எழுதும். சமன்பாடு பிழைக்காது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உம்மட தகுதிகாண் காலம் இந்த மாதத்தோட முடியுது. நிரந்தரமாக்கிறதா இல்லையா எண்டு நான் முடிவெடுக்க வேணும். திங்கட்கிழமை பின்வரிசையில வந்து இருப்பன்."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், மருதானையில் இறங்கி மாறும் வரைக்கும் அவள் அந்த வேலையைப் பற்றித்தான் நினைத்தாள். பட்டம் எடுத்த பிறகு அவளுக்கு முதலில் கிடைத்த வேலை, கொள்ளுப்பிட்டியில் குளியலறைச் சாமான் விற்கும் கடையொன்றில். வருகிறவர்களுக்கு ஷவர் தலைகளைக் காட்டி, இதில் தண்ணீர் மழை மாதிரி விழும், இதில் அருவி மாதிரி விழும் என்று சொல்ல வேண்டும். ஏன் அப்படி விழுகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. வெள்ளவத்தையில் கேட்கிறார்கள். அதனாலேயே அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே இப்போது அது போய்விடவும் பார்த்தது.

அதற்குக் கீழே இன்னொரு பயம் இருந்தது. கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய ஒழுங்கையில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள். அப்பா ஹியூபேட்டுக்குத் துறைமுகத்தில் கொள்கலன்களைக் கம்பி போட்டு இறுக்கும் வேலை. அம்மா டோரின் பக்கத்து ஒபிஸ்களுக்குப் பகல் சாப்பாடு சமைத்துக் கொடுப்பவள். நான்கு வருடம் கண்டிப் பக்கம் விடுதியில் இருந்து, பழைய வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்து, நல்ல பெறுபேற்றோடு அவள் திரும்பி வந்தாள். ஹோஸ் கணக்கை எத்தனையோ தடவை சரியாகச் செய்திருக்கிறாள். லவனுக்கு வந்த சந்தேகம் அவளுக்கு ஒரு நாளும் வரவில்லை. அப்படியென்றால் அவள் படித்தவளா, பாஸ் பண்ணியவளா?

கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேள்வியைப் போட்டாள். ஒருவன் சமன்பாட்டை அனுப்பினான். மெல்பேர்னிலிருந்து ஒருத்தி, 'இதுல என்ன சந்தேகம்?' என்று எழுதினாள். மூன்றாமவன் பெருவிரலைக் காட்டும் படத்தைப் போட்டான். அவன் விடை சொன்னானா, பகிடி பண்ணினானா என்று அவளுக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை காலை சமையலறையிலிருந்து டோரின் போட்ட சத்தத்தில் அவள் எழுந்து ஓடினாள்.

அடுத்த நாள் அவர்களுடைய ஒழுங்கையின் மாதா கெபிக்கு, மாதா சிலை நிற்கும் அந்தச் சிறு குகைக் கோயிலுக்கு, திருநாள். சமையலுக்கென்று முற்றத்துத் திட்டில் வைத்திருந்த நீலப் பரலை, அந்தப் பெரிய பிளாஸ்டிக் பீப்பாயை, நிறைத்திருந்தார்கள். பரலின் அடியோரம் பக்கச் சுவரில் இருந்த பிளாஸ்டிக் திருகு பைப் சொட்டுகிறது என்று ஹியூபேட் திருகப் போய், அது கையோடு கழன்று வந்துவிட்டது. பெருவிரல் நுழையக்கூடிய ஓட்டை. அதிலிருந்து தண்ணீர் வளைந்து பாய்ந்து எதிர்ப்படியில் இருந்த செருப்புகளின் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஹியூபேட் கழன்ற பைப்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டோரின் மரக்கறி வெட்டும் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து ஓட்டைக்குக் குறுக்கே தள்ளினாள். பாதி மூடியது.

"துணி ஒண்டு கொண்டா மகள்!"

நிலூஷா நகரவில்லை. தண்ணீர் மெலிந்துவிட்டது. ஆனால் விழுந்த இடம் மாறவில்லை. அதே படி, அதே செருப்பு.

"மம்மி, பலகைய எடுங்க."

"என்ன?"

"ஒருக்கா எடுங்க. ம். இப்ப திரும்பப் பாதி வைங்க. இன்னும் கொஞ்சம் மூடுங்க."

"இங்க பாருங்க ஹியூபேட், உங்கட மகளை. ஒரு பரல் தண்ணி போகுது, இவ டான்ஸ் ஆடச் சொல்றா."

"படிச்ச பிள்ளை ஏதும் காரணத்தோடதான் சொல்லும்," என்றார் ஹியூபேட்.

"நீங்க வாயை மூடிக்கொண்டு அந்த ஓட்டைய மூடுங்க."

அவர் கிழிந்த சாரத் துண்டொன்றைச் சுருட்டி ஓட்டைக்குள் அடைத்தார். அதற்குள் நிலூஷா பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டாள். முழுதாகத் திறந்தாலும் பாதியாக மூடினாலும் தண்ணீர் ஒரே தூரம் பாய்ந்தது. ஒடுக்கினால் தடிப்புத்தான் குறைந்தது, வேகம் கூடவில்லை. அவள் பலகையில் எழுதியது சரியென்றால் தண்ணீர் படியைத் தாண்டிச் சுவரில் அடித்திருக்க வேண்டும்.

ஈரமான செருப்புகளைக் காயவைத்துக்கொண்டே யோசித்தாள். பரலில் வேகத்தைத் தீர்மானிப்பது ஓட்டைக்கு மேலே நிற்கும் தண்ணீரின் உயரம். அந்த உயரம் ஒரு அமுக்கத்தைத் தருகிறது. வாசலில் அந்த அமுக்கம் முழுவதும் வேகமாக மாறுகிறது. ஓட்டை சின்னதோ பெரிதோ, மேலே நிற்கும் உயரம் ஒன்றுதான். இது பேர்னூலியின் சமன்பாட்டிலேயே இருக்கிறது. அவளே அந்தக் கணக்கையும் பரீட்சையில் செய்திருக்கிறாள். இரண்டும் வேறு வேறு அத்தியாயத்தில் இருந்ததால் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

அப்படியானால் ஹோஸில் மட்டும் விரல் வைத்ததும் தண்ணீர் ஏன் பாய்கிறது?

பதிலைத் தேடி அவள் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பின்னேரம் ஒழுங்கை முழுவதும் ஹோஸோடு வெளியே நின்றது.

திருநாளுக்கு முந்திய நாள் கெபியைக் கழுவுவது அந்த ஒழுங்கையில் பெரிய காரியம். தண்ணீர் பைப் ஒழுங்கையின் ஒரு முனையில், கெபி மறுமுனையில். இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு வீட்டு ஹோஸும் ஒன்றோடொன்று சேர்க்கப்பட்டு, பழைய டியூப் ரப்பரால் கட்டப்படும். கெபிக்கு எட்டுவதற்கு அவ்வளவு நீளம் தேவையில்லைதான். ஆனால் எந்த வீட்டு ஹோஸையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் அந்த வீட்டார் அடுத்த திருநாள் வரைக்கும் முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார்கள். அதனால் மிச்ச நீளம் நடு ஒழுங்கையில் பாம்பு படுத்த மாதிரிச் சுருண்டு கிடக்கும். போகிற ஆட்டோக்காரர் எல்லாரும் அதற்கு ஏசிவிட்டுப் போவார்கள்.

ஹோஸின் நுனியைப் பிடித்து நின்றவன் மூன்றாம் வீட்டு ரெனால்ட். விரல் வைக்காதபோது தண்ணீர் அவனுடைய கால் விரல்களுக்கு மேலே தொளதொளவென்று வழிந்தது. விரலை வைத்ததும் அது சீறிக்கொண்டு கெபி வளைவின் உச்சியைத் தொட்டது. பெண்கள் பக்கம் சாரல் விழ, ஏச்சும் சிரிப்பும் கேட்டது.

நிலூஷா ஒரு வாளியோடு அவனிடம் போனாள்.

"ரெனால்ட் அண்ணே, ஒருக்கா விரல் இல்லாம இந்த வாளிய நிரப்புங்க. பிறகு விரல் வச்சு நிரப்புங்க."

"என்ன நங்கி, வாளிக்கும் டிகிரி குடுக்கப் போறியா?" தங்கையைச் சிங்களத்தில் கூப்பிடுவதுபோல் கேட்டான்.

"நிரப்புங்களேன்."

விரல் இல்லாமல் வாளி சீக்கிரம் நிரம்பியது. விரல் வைத்ததும் தண்ணீர் வாளிக்குள் சத்தமாக அடித்தது, நுரைத்தது, ஆர்ப்பாட்டம் பண்ணியது. ஆனால் நிரம்பவில்லை. ரெனால்ட் வாளிக்குள் எட்டிப் பார்த்தான்.

"இதென்ன, இவ்வளவு ஃபோர்ஸா வந்தும் நிரம்புதில்லையே."

அங்கேதான் அவளுடைய பிழை கிடந்தது. பாதி மூடினாலும் அதே அளவு தண்ணீர் வரும் என்று எண்ணிக்கொண்டுதான் அவள் வேகம் இரட்டிப்பு என்று எழுதினாள். அதே அளவு வரவில்லை. விரல் வைத்ததும் முழு ஹோஸிலும் ஓட்டம் குறைந்துவிட்டது.

மிச்சத்தைப் பார்க்க ஹோஸின் நீளத்தைக் குறைக்க வேண்டும். அவள் குனிந்து நடு ஒழுங்கையில் சுருண்டு கிடந்த ஒன்றைக் கழற்றப் போனாள்.

"அது எங்கட ஹோஸ்," என்றது கதவோரத்திலிருந்து ஒரு குரல். ரெனால்டின் மாமி.

"தெரியும் அன்ரி. ஒரு நிமிஷம் கழற்றிப் பார்த்திட்டுத் திரும்பக் கட்டுறேன்."

"ஏன், எங்கட ஹோஸ் மாதாவுக்கு ஆகாதா?"

ஹியூபேட் இடையில் புகுந்தார். "அன்ரி, இவளுக்கு நாளண்டைக்கு வேலைல ஒரு டெஸ்ட். உங்கட ஹோஸத்தான் டெஸ்டுக்கு எடுத்திருக்கிறா. மற்ற ஒருத்தர்ட ஹோஸும் சரிவரல்ல."

அன்ரியின் முகம் மலர்ந்தது. "அப்ப எடுங்க மகள். கவனமா எடுங்க."

அந்த ஹோஸையும் அதற்கடுத்ததையும் கழற்றிவிட்டு மிச்சத்தை நேராகச் சேர்த்தார்கள். ரெனால்ட் விரல் வைக்கவில்லை. இம்முறை தண்ணீர் அவனுடைய காலில் வழியவில்லை. முன்னால் எட்டி விழுந்தது. விரல் வைத்தபோது உச்சியைத்தான் தொட்டது, முன்போலவே, அதற்கு மேலே போகவில்லை.

நிலூஷா ஈரத் தரையில் குந்திவிட்டாள்.

ஒழுங்கை முனையில் பைப்புக்குள் ஓர் அமுக்கம் இருக்கிறது. தண்ணீர் நீண்ட ஹோஸ் வழியாக ஓடும்போது சுவரோடு உரசி உரசி அந்த அமுக்கத்தைச் செலவழித்துக்கொண்டே வருகிறது. வாய்க்கு வரும்போது கையில் ஒன்றும் மிச்சமில்லை. அதனால் காலில் வழிகிறது. விரல் வைத்தால் ஓட்டம் குறைகிறது. மெதுவாக ஓடும் தண்ணீர் வழியில் கொஞ்சமாகத்தான் செலவழிக்கும். மிச்சமெல்லாம் விரலுக்குப் பின்னால் வந்து அமுக்கமாக நிற்கிறது. இடுக்கால் வெளியேறும்போது அதுதான் வேகமாகிறது. எவ்வளவு இறுக்கினாலும் பைப்பில் முதலில் இருந்த அமுக்கத்துக்கு மேலே ஒன்றும் கிடைக்காது. தாமரைக் கோபுரம் தப்பியது. பரலில் நீண்ட குழாயே இல்லை, வழிச்செலவு இல்லை, அதனால் மூடுவதால் மிச்சம் பிடிக்கவும் ஒன்றுமில்லை.

அப்போ சமன்பாடு பொய்யா? அந்தக் கேள்வியோடு ஞாயிற்றுக்கிழமைப் பூசை முழுவதும் இருந்தாள். பிரசங்கம் எதைப் பற்றியது என்று டோரின் கேட்டபோது விழித்தாள். வெளியே கடலைக்காரியிடம் காகிதச் சுருளில் கடலை வாங்கிக்கொண்டு நிற்கும்போதுதான் விளங்கியது. சமன்பாடு பொய் சொல்லவில்லை. அது ஒரே நேரத்தில் குழாயின் இரண்டு இடங்களைப் பற்றிப் பேசுகிறது: இப்போது, இந்த ஓட்டத்தில், அகன்ற இடத்தில் இவ்வளவு வேகம், ஒடுங்கிய இடத்தில் அவ்வளவு வேகம். அவள் அதை ஒரே இடத்தின் இரண்டு நேரங்களுக்குப் பாவித்திருக்கிறாள்: விரல் வைப்பதற்கு முன், வைத்த பின். அவை இரண்டும் வேறு வேறு ஓட்டம். கேட்காத கேள்விக்குப் பதிலை வாங்கிவிட்டு அதையே பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை கனகசபாபதி பின்வரிசைக்கு வந்தபோது அங்கே ஒருவரும் இல்லை. பிள்ளைகள் மொட்டை மாடியில் நின்றார்கள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தார்.

"என்ன பிள்ளை இது?"

"வகுப்பு சேர். பலகைல காட்ட ஏலாது."

அவர் தண்ணீர்த் தாங்கியின் நிழலில் போய் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நிலூஷா அடியோரமாகப் பக்கத்தில் ஓட்டை போட்ட பெயின்ற் வாளியொன்றைச் சுவரின் மேல் வைத்திருந்தாள். ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை நான் சொன்ன உதாரணம் பிழை. எங்க பிழை எண்டு நீங்க கண்டுபிடிக்க வேணும். முதல்ல ஆளாளுக்குச் சொல்லுங்க. இந்த ஓட்டையைப் பாதி மூடினா தண்ணி தூரம் போகுமா, கிட்ட விழுமா?"

"தூரம்," என்றார்கள் எல்லாரும். லவன் மட்டும் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். கேள்வி கேட்டவன் என்ற கவனம் அவனுக்கு.

ஷஸ்னா வாளியில் தண்ணீர் மட்டம் குறையாமல் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிலூஷா டேப்பால் ஓட்டையைப் பாதி மூடினாள். தண்ணீர் விழுந்த இடம் அசையவில்லை.

"மிஸ், இது என்ன கண்கட்டா?" என்றாள் ஷஸ்னா.

பிறகு தாங்கியின் பைப்பில் நீண்ட ஹோஸை மாட்டினார்கள். விரல் வைத்து, எடுத்து, வாளி நிரப்பி, ஒருவரையொருவர் நனைத்து, சண்டை பிடித்து, கடைசியில் லவன் மெதுவாகச் சொன்னான்.

"ஹோஸ்தான் தின்னுது மிஸ். ஓட ஓடத் தின்னுது. விரல் வைச்சா ஓட்டம் குறையுது, அது தின்னிறதும் குறையுது."

"அப்ப அந்தச் சமன்பாடு?" என்றாள் நிலூஷா. "அதைக் கிழிச்சுப் போடுவமா?"

அவள் ஈரமான தரையில் சோக்கால் ஒடுங்கும் குழாயொன்றை வரைந்து, ஒரு நேரத்தின் இரண்டு இடங்களையும் ஒரு இடத்தின் இரண்டு நேரங்களையும் பிரித்துக் காட்டினாள். சோக்குக் கரைந்துகொண்டே போனது. திரும்பத் திரும்ப வரைந்தாள். தாங்கியின் நிழலிலிருந்து கனகசபாபதி இரண்டடி முன்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை.

முடியப்போகும் நேரத்தில் லவன் ஹோஸைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். தண்ணீர் கண்ணாடிக் கம்பி மாதிரிப் புறப்பட்டு, வளைந்து, பாதி வழியில் முத்து முத்தாக உடைந்து விழுந்தது.

"மிஸ், இது ஏன் நடுவில உடையுது? ஒரே கம்பியாப் போனா என்ன?"

நிலூஷா தண்ணீரைப் பார்த்தாள். பிறகு கனகசபாபதியைப் பார்த்தாள். அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மேற்பரப்பு இழுவிசை என்று ஒரு சொல் நாக்கில் இருந்தது. சொன்னால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். ஆனால் அந்த இழுவிசை கம்பியை ஏன் உடைக்க வேண்டும், சேர்த்துப் பிடிக்கத்தானே வேண்டும் என்று லவன் கேட்டால் அவளிடம் மேலே ஒன்றும் இல்லை.

"அதுவும் எனக்குத் தெரியாது," என்றாள்.

"அடுத்த திங்களா மிஸ்?"

"அடுத்த திங்கள்."

பிள்ளைகள் ஈர உடுப்போடு கீழே இறங்கினார்கள். மொட்டை மாடியில் இருவரும் மிஞ்சினார்கள். கனகசபாபதி பைப்பைத் திருகிப் பூட்டினார். பூட்டியது போதாதென்று இன்னொருமுறை இறுக்கினார்.

"வெள்ளிக்கிழமை சொல்ல வேண்டாம் எண்டு சொன்னதை இண்டைக்கும் சொல்லிப் போட்டீர்."

"ஓம் சேர்."

"எனக்கு முன்னால."

"ஓம் சேர்."

அவர் கடல் பக்கம் திரும்பினார். கரையோர ரயிலொன்று தெற்கே போய்க்கொண்டிருந்தது.

"சேர், ஹோஸ் விசயம் உங்களுக்கு முதலே தெரியுமா?"

"குழாயில எவ்வளவு அமுக்கம் போகும் எண்டு எத்தினையோ கணக்குப் போட்டிருக்கிறன். பின்னேரத்தில பூக்கண்டுக்கு விரல் வைச்சுத் தண்ணியும் விட்டிருக்கிறன்." அவர் தலையை ஆட்டினார். "ரெண்டையும் சேர்த்து ஒருநாளும் யோசிக்கேல்லைப் பிள்ளை."

அவர் படியை நோக்கி நடந்தார். முதற் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"நிரந்தரக் கடிதத்தை நாளைக்கு அடிப்பிக்கிறன். பழைய வினாத்தாளும் செய்விக்க வேணும், அதை விடக் கூடாது. இந்த ஆட்டத்தையே முழு நேரமும் ஆடினீர் எண்டால் பெற்றோருக்கு என்னாலை பதில் சொல்லேலாது."

"சரி சேர்."

"அந்த உடையிற விசயம்," என்றார் அவர். "கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லும்."

அவர் இறங்கிப் போன பிறகும் நிலூஷா அங்கேயே நின்றாள். பைப் இறுக்கிப் பூட்டியும் ஹோஸுக்குள் மிஞ்சியிருந்த தண்ணீர் வாய் வழியாக வடிந்தது. முதலில் நூலாக. பிறகு நூல் மெலிந்து, ஓரிடத்தில் இடை ஒடுங்கி, துளியாக அறுந்தது. அவள் குனிந்து, அந்த இடை எப்போது ஒடுங்கத் தொடங்குகிறது என்று பார்த்தாள்.